செவுத்துல ஓதம் ஏறுது, பெயிண்ட் அடிச்சும் நிக்கல – பழைய காரை வீடு, மதுரை

மாசிவீதி சந்து:
எல்லாருக்கும் வணக்கம். தெற்கு மாசி வீதிலருந்து உள்ள போற சந்துல தாத்தா காலத்து வீடு, செங்கலும் சுண்ணாம்புக் காரையும் வச்சுக் கட்டுனது, செவுரு ஒன்றரை அடி கனம். ஹால்ல ரோட்டுப் பக்கச் செவுரு இடுப்பு உயரத்துக்கு ஓதம் அடிச்சு பெயிண்ட் பொரிஞ்சு நிக்குது, தட்டுனா அப்பளமா கையோட வருது, உள்ள வெள்ளை வெள்ளையா உப்பு பூத்துக் கெடக்கு. பக்கத்து வீட்டோட பொதுச் செவுத்துலயும் ஒரு எடத்துல இதே கதை. முன்னாடி ஒரு தடவை பழைய பூச்சைக் கொத்திட்டு சிமெண்ட் பூசி, பட்டி பாத்து, டேம்ப் புரூஃப் பெயிண்ட் அடிச்சோம், ஒரு மழை தாங்குச்சு, இப்ப சிமெண்ட் பூச்சு முடியுற எடத்துக்கு மேல ஏறி வருது. ஒரு கான்ட்ராக்டர் ஓட்டை போட்டு கெமிக்கல் ஏத்தணும்கிறார், இன்னொருத்தர் நாலடிக்கு டைல்ஸ் ஒட்டுங்க கண்ணுக்கே தெரியாதுங்கிறார். யார் பேச்சைக் கேக்குறது?

செல்லூர்க்காரன்:
ப்ரோ, காசை வெளிய எடுக்குறதுக்கு முன்னாடி இதுக்குப் பதில் சொல்லுங்க. சித்திரை வெயில்லயும் ஈரமா இருக்கா இல்ல ஐப்பசி கார்த்திகைல மட்டுமா? ஓதக்கோடு ஒரே மட்டமா போகுதா, திட்டுத்திட்டா இருக்கா? தரை ரோட்டை விட ஒசரமா பள்ளமா? பொதுச் செவுத்துக்கு அங்கிட்டு என்ன இருக்கு?

மாசிவீதி சந்து:
ரோட்டுப் பக்கம் ஒரே மட்டம், மழை நாள்ல கூடும் வெயில்ல கொஞ்சம் வாங்கும். முன்னாடி திண்ணைக்கு மூணு படி ஏறணும், ரோட்டு மேல ரோடு போட்டுப் போட்டு இப்ப ஒரு படி எறங்கித்தான் வீட்டுக்குள்ளயே போறோம், செவுத்தை ஒட்டி சாக்கடை வேற. பொதுச் செவுத்துல நெஞ்சு உயரத்துல ஒரு திட்டு, மே மாசத்துலயும் காயல. அங்கிட்டு அவங்க பாத்ரூம்.

கொத்தனார் வீட்டுப் பிள்ளை:
அப்ப உங்களுக்கு இருக்குறது ரெண்டு ஓதம், ரெண்டுக்கும் ஒரே வைத்தியம் பாத்தா ஒண்ணும் நிக்காது. வெயில்லயும் காயாத திட்டு பெரும்பாலும் பைப் வேலைதான். ராத்திரி எல்லாரும் படுத்த பெறகு மேல் டேங்க்ல தண்ணி மட்டத்தைக் கோடு போட்டு வைங்க, யாரும் குழாயைத் தொறக்கக் கூடாது, காலைல எறங்கியிருந்தா ஒழுகுது. உங்க டேங்க் எறங்கலன்னா பக்கத்து வீட்லயும் இதையே பாக்கச் சொல்லுங்க. திட்டோட ஓரத்தைச் சுத்தி பென்சில்ல கோடு இழுத்து தேதி எழுதி வைங்க, விரியுதா சுருங்குதான்னு அது சொல்லிரும். அந்தச் செவுத்துல ப்ளக் பாயிண்ட் இருந்தா மொதல்ல லைனைக் கட் பண்ணிருங்கண்ணே.

பழையவீட்டு அக்கா:
டைல்ஸ் மட்டும் ஒட்டிராதீங்க தம்பி. தண்ணி போறதுக்கு வழியில்லாம அதுக்கு மேல ஏறும், சிமெண்டுக்கும் பெயிண்டுக்கும் உங்க வீட்ல நடந்தது அதுதான். காரைச் செவுரு ஈரத்தைக் குடிச்சு வெளிய விடுற செவுரு, நம்ம ஆளுக அதைப் போய் மூடி வச்சிர்றாய்ங்க.

செல்லூர்க்காரன்:
கெமிக்கல் இன்ஜெக்‌ஷன் பத்தி: தரைலருந்து ஈரம் மேல ஏறாமத் தடுக்கத்தான் அது, நல்லா கட்டுன ஒம்பது இஞ்ச் செங்கச் செவுத்துக்குக் கேக்கும். கனமான பழைய செவுத்துல நடுவுல பொந்து இருக்கும், மருந்து அதுல எறங்கிப் போயிரும். அதுவும் ரோடு தரையை விட ஒசந்து நிக்கிறப்ப, தரை மட்டத்துல மருந்து ஏத்தி என்ன பிரயோசனம், தண்ணிதான் அதுக்கு மேல பக்கவாட்டுல வருதே.

மாசிவீதி சந்து:
அப்டேட். எங்க டேங்க் அப்படியே நின்னுச்சு, பக்கத்து வீட்டு டேங்க் காலைல நாலு விரக்கடை எறங்கிருச்சு. அந்த அத்தை மொதல்ல ஒத்துக்கல, அவங்களே கோட்டைப் பாத்த பெறகுதான் ப்ளம்பரைக் கூப்ட்டாங்க. செவுத்துக்குள்ள பழைய ஜிஐ இரும்பு பைப், எல்போ துருப்பிடிச்சு கசிஞ்சிருக்கு. அதை அடைச்சிட்டு வெளிப்பக்கமா சிபிவிசி பிளாஸ்டிக் லைன் இழுத்துட்டாங்க, பென்சில் கோட்டுக்கு உள்ள காய ஆரம்பிச்சிருச்சு. இனி ரோட்டுப் பக்கச் செவுரு?

கொத்தனார் வீட்டுப் பிள்ளை:
மொதல்ல வெளிய பாருங்க. சாக்கடை அடித்தளம் வெடிச்சிருக்கான்னு பாத்து, மாநகராட்சில மனு குடுத்துப் பூசச் சொல்லுங்க, மாடித் தண்ணி எறங்குற பைப் செவுத்தடில கொட்டுனா தள்ளி விடுங்க. பெறகு உள்பக்கம் ஓதக்கோட்டுக்கு ஒரு அடி மேல வரைக்கும் சிமெண்டைக் கொத்தி எடுங்க, செங்கல் சந்துல பொடியாப் போன காரையைச் சொரண்டுங்க. உப்பைத் தண்ணி விட்டுக் கழுவாதீங்க, கரைஞ்சு திரும்ப உள்ள போயிரும், காஞ்ச பிரஷ்ஷால தட்டி அள்ளி வெளிய போடுங்க. அப்பறம் சும்மா விடுங்க. ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு மாசம்னு சொல்வாய்ங்க, உங்க செவுத்துக்கு அம்புட்டு நாள் யாரும் காத்திருக்க மாட்டாங்க, தைல கொத்திட்டு ஆடி வரைக்குமாவது வெயிலும் காத்தும் படட்டும், அடைமழைக்கு முன்னாடி பூசிரலாம். பூச்சுக்கு தண்ணி ஊத்தி நீத்த சுண்ணாம்பு ஒண்ணு, மணல் மூணு, கடுக்காய் ஊறவச்ச தண்ணி. கொத்தனார் பிடிப்புக்குன்னு ஒரு கரண்டி சிமெண்ட் போடப் பாப்பார், பக்கத்துலயே நில்லுங்க. பூசுனதும் ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் காயாமப் பாருங்க, இல்லன்னா நம்ம ஊர் வெயிலுக்கு வெடிச்சிரும். மேல வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும், எமல்ஷன் வேண்டாம்.

மாசிவீதி சந்து:
அப்படிச் செஞ்சா திரும்ப உப்பு வராதா?

கொத்தனார் வீட்டுப் பிள்ளை:
வரும். ரோட்டை நீங்க தாழ்த்த முடியாதுல்ல, அதனால ஓதம் முழுசா போகாது, ஆனா மேல ஏறாம கீழயே நின்னுக்கும். செங்கலுக்குப் பதிலா பூச்சு உப்பை வாங்கும், உதிர்ற எடத்துல மட்டும் கொத்திட்டு மறுபடி பூசிக்கலாம்.

பழையவீட்டு அக்கா:
கடுக்காய் கீழமாசி வீதிப் பக்கம் நாட்டுமருந்துக் கடைல மொத்தமா வாங்குங்க தம்பி, சில்லறைல வாங்குனா கட்டுபடியாகாது. பீரோவை அந்தச் செவுத்துலருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுருங்க.