பையனை கொஞ்ச நாள் யாருகிட்ட விடறது?

மதுரை அம்மா: என் பையனுக்கு 19 வயசு, செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால கை கால் அசைவு சரியா வராத நிலை). தூக்கறது, ஊட்டறது, ராத்திரி திருப்பிப் படுக்க வைக்கிறது எல்லாமே நான்தான், இப்ப இடுப்பு வலி தாங்கல, டாக்டர் ரெண்டு வாரம் வெயிட்டே தூக்காதீங்கன்னுட்டார். கொஞ்ச நாள் தங்க வெச்சு பாத்துக்கற இடம் இருக்கா? விட்டுட்டுப் போறத நெனச்சாலே அழுகை வருது.

கோவை அக்கா: அழாதீங்கம்மா, நானும் அப்படித்தான் இருந்தேன். மத்திய அரசோட நேஷனல் டிரஸ்ட்ல சமர்த்னு (இப்ப சமர்த்-கம்-கரௌண்டா) ஒரு திட்டம் இருக்கு, ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அறிவுசார் குறைபாடு இருக்கறவங்களை தங்க வெச்சு பாத்துக்க. உங்க பக்கத்துல எந்த மையம்னு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க. நான் என் பொண்ணை மொதல்ல ஒரு பகல் மட்டும் விட்டேன், அப்புறம்தான் ராத்திரி. எந்தப் பக்கம் சாய்ச்சு ஊட்டணும், வலிச்சா எப்படி முனகுவா, எல்லாம் ஒரு நோட்டுல எழுதிக் குடுத்தேன், அது ரொம்ப உதவிச்சு.

தம்பிக்காக: நேஷனல் டிரஸ்டோட நிராமயா ஹெல்த் இன்சூரன்ஸ் போட்டாச்சா? 1 லட்சம் வரைக்கும், தெரபி செலவும் வரும். 18 முடிஞ்சதால தேவைப்பட்டா கலெக்டர் தலைமையில இருக்கற கமிட்டில கார்டியன்ஷிப்புக்கும் (சட்டப்படி பாதுகாவலரா இருக்கறதுக்கு) எழுதிப் போடுங்க. இன்னொன்னு, இடுப்பு வளையாம எப்படி கட்டில்லேர்ந்து வீல்சேருக்கு மாத்தறதுன்னு பிசியோ கிட்ட கத்துக்கோங்க, வீட்ல இருக்கற ஆம்பளைங்களுக்கும் சேத்துக் காட்டச் சொல்லுங்க.

மதுரை அம்மா: நாளைக்கே ஆபீஸ் போறேன். நோட்டு இன்னைக்கே எழுத ஆரம்பிச்சுட்டேன் அக்கா.