இதயம் தள்ளாமல் நிணநீர் மேலே ஏறுவது எப்படி?

கேள்வி:
ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. திசுக்களில் கசிந்து தனிக் குழாய்களில் ஓடும் நிணநீருக்கு அப்படி எதுவும் இல்லையே, பாதத்தில் கசியும் நீர் கழுத்து வரை எப்படிப் போகிறது? அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை (நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுத்தபின் கை வீங்கினால் நீர் மாத்திரை தரக்கூடாது என்கிறார்களே, ஏன்?

பதில் 1:
பம்பு இல்லை என்பது பாதிதான் சரி. நிணநீர் முதலில் நுழையும் நுண்குழாய்களில் தசை கிடையாது. அவற்றின் சுவர்ச் செல்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். வெளியே நீர் சேர்ந்து திசு உப்பினால், செல்களைத் திசுவோடு பிணைத்திருக்கும் நுண்ணிழைகள் இழுபட்டு இடுக்குகள் திறக்கும். உள்ளே அழுத்தம் ஏறினால் தானே மூடிக்கொள்ளும்.

அடுத்து வரும் பெரிய குழாய்களில் தசை உண்டு. இரண்டு வால்வுகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு துண்டும் நிமிடத்துக்குச் சில தடவை தானாகவே சுருங்கும். கெண்டைக்கால் தசையும் மூச்சும் அதற்குத் துணை. ஏறிய நீரை வால்வு இறங்க விடாது. கடைசியில் மார்பு நாளம் என்ற பெரிய நிணநீர்க் குழாய் வழியாக இடது காரை எலும்புக்குப் பின்னால் சிரையில் கலக்கிறது. வலது கை, வலது மார்பு, தலையின் வலப்பக்கம் ஆகியவற்றுக்கு மட்டும் வலப்புறம் தனி வாசல்.

பதில் 2:
ஒரு சேர்க்கை. திசுவில் கசிந்த நீரில் பெரும்பகுதியைச் ரத்த நுண்நாளங்களின் சிரைப்பக்கமே உறிஞ்சிக்கொள்ளும் என்று பழைய பாடப்புத்தகங்களில் இருக்கும். அதை நம்பிப் படிக்காதீர்கள். பெரும்பாலான திசுக்களில் அது நிணநீர் வழியாகத்தான் திரும்புகிறது. போகிற வழியில் கணுக்களுக்குள் ஒரு பங்கு நீர் ரத்தத்துக்கு இறங்கிவிடும்.

பதில் 3:
மாத்திரை விஷயம்: அது சிறுநீரகம் வழியாக உப்பையும் நீரையும்தான் வெளியேற்றும். நிணநீர் சுமந்துபோக முடியாமல் கையில் தேங்கிய புரதம் அங்கேயே இருக்கும், மறுபடி நீரை இழுத்துப் பிடிக்கும். நாளாக நாளாக நாரும் கொழுப்பும் சேர்ந்துவிடும். முதலில் விரலால் அழுத்தினால் குழி விழும், பிறகு விழாது. அந்த நிலைக்குப் போகுமுன் அழுத்தக் கட்டு தொடங்க வேண்டும்: விரல்பக்கம் இறுக்கம் அதிகம், தோள் நோக்கிக் குறைந்துகொண்டே போக வேண்டும். கட்டு நழுவி ஓரிடத்தில் சுருண்டால் அதற்குக் கீழே வீக்கம் கூடும், உடனே அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

கை திடீரெனச் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் தோலடித் தொற்றாக இருக்கலாம். வீக்கம் வடியக் கையை நீவிவிடுகிறீர்கள் என்றால் அதை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போகவும்.

கேள்வி கேட்டவர்:
அப்போது கால் வீங்கினாலும் நிணநீர்க் கோளாறுதானா?

பதில் 3:
இல்லை. இரண்டு காலும் ஒருசேர வீங்கினால் முதலில் இதயம், சிறுநீரகம், கல்லீரலைப் பார்ப்பார்கள். அங்கே நீர் மாத்திரைக்கு வேலை உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் சிரையில் ரத்தக்கட்டி இருக்கலாம், தாமதிக்கக் கூடாது. நிணநீர் வீக்கத்துக்கு ஓர் எளிய அடையாளம்: காலின் இரண்டாம் விரல் தொடங்கும் இடத்தில் மேற்புறத் தோலைக் கிள்ளித் தூக்கவே வராது. தூக்க வந்தாலும் இல்லையென்று தீர்மானித்துவிட முடியாது, ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்.