சூடையா, சுறாவா? கடல்மீன் சாப்பாட்டில் உங்கள் அனுபவம்

மாங்குளம் அக்கா:
மகள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த கிழமையே சம்பந்தி அம்மா முல்லைத்தீவிலிருந்து பால்சுறா எடுப்பித்துவிட்டா. பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை கொடுத்தால் பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். பார்க்க வந்த மிட்வைஃப் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “சுறாவைக் குறையுங்கோ அம்மா, சூடை காய்ச்சிக் கொடுங்கோ” என்றா. சம்பந்திக்கு முகம் கறுத்துவிட்டது. அவவைப் பொறுத்தவரை சூடை பூனைக்குப் போடுகிற சின்ன மீன்.

மிட்வைஃப் சொன்னது சரிதான். சுறா மற்ற மீன்களைத் தின்று பல வருஷம் வாழ்வது. சின்ன மீன்களில் துளித்துளியாக இருக்கும் பாதரசமெல்லாம் அதன் சதையில் போய்ச் சேரும், எவ்வளவு காய்ச்சினாலும் போகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் சுறாவையும் வைத்திருக்கிறது. பால்சுறா சின்னது, அதனால் பெரிய சுறாவளவு பயமில்லை. இருந்தாலும் கிழமை முழுக்க அதையே கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சூடை அப்படியில்லை, கொஞ்சக் காலமே வாழ்ந்து, கடலில் மிதக்கிற நுண்ணிய உயிர்களைத் தின்கிற மீன். அதில் உள்ள ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு தாய்ப்பால் வழியாகப் பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் போகும்.

நான் கொறுக்காய்ப் புளி போட்டு, மண்சட்டியில் மெல்லிய நெருப்பில் வற்ற விடுவேன். புளிப்பில் முள் மசிந்துவிடும். அப்படியே மென்று தின்னலாம், கல்சியமும் சேரும். பொரித்தால் வாய்க்கு ருசிதான், ஆனால் மீனின் நல்ல கொழுப்பில் கொஞ்சம் தாச்சியிலேயே தங்கிவிடும்.

நெடுங்கேணி ரீச்சர்:
அக்கா, எங்கள் பக்கம் அன்றாடம் கிடைப்பது குளத்து ஜப்பான் மீன், அதாவது திலாப்பியா. அதைக் குறைவாகப் பேச வேண்டாம். 100 கிராம் பச்சை மீனில் ஏறக்குறைய 18 முதல் 20 கிராம் புரதம். கடல்மீனிலும் அவ்வளவுதான். விட்டமின் பி12 இரண்டிலும் உண்டு. கடல்மீன் முந்துவது ஒமேகா-3, அயடின் இரண்டிலும்தான். அயடினுக்கு உப்பு இருக்கிறது, இலங்கையில் 1995 முதல் அயடின் கலந்த உப்பு கட்டாயம். ஆகவே கிழமையில் இரண்டு நேரம் கடல்மீன், மிச்சத்துக்குக் குளத்து மீன் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. அறக்குளா வாங்கக் காசில்லையே என்று கவலைப்படுகிற தாய்மாருக்கு நான் சூடையைத்தான் சொல்வேன்.

அலம்பில் தம்பி:
எல்லாம் சரி அக்காமார், ஐஸ் பற்றி ஒருவரும் பேசவில்லையே. நான் கரைவலை இழுக்கிற வீட்டுப் பிள்ளை. எங்கள் கரையில் துடிக்கத் துடிக்க அள்ளுகிற மீன், மோட்டார் சைக்கிளில் றெஜிபோம் (தெர்மகோல்) பெட்டிக்குள் ஒட்டுசுட்டான் தாண்டுவதற்குள் வேறு மீனாகிவிடும். சூரை, கும்பளா, சூடை மூன்றிலும் கவனம் வேண்டும். வெயிலில் கிடந்தால் பக்டீரியா அதன் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருளை உண்டாக்கும். கொதிக்க வைத்தாலும் அது அழியாது. ஒருமுறை எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு வந்த ஒருவருக்குச் சூரைக்கறி சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் முகம் செக்கச்செவேலென்று சிவந்து, கழுத்தெல்லாம் அரிப்பு, தலையிடி. மீன் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். பிழை உடம்பில் இல்லை, அன்று மத்தியானம் வரை ஐஸ் போடாமல் கிடந்த மீனில்.

வாங்கும்போது கண் பளிச்சென்று இருக்கிறதா பாருங்கள், செவிளைத் தூக்கிச் சிவப்பைப் பாருங்கள். சூடை என்றால் முதலில் வயிற்றைப் பாருங்கள். வயிறு வெடித்திருந்தால் அரை விலைக்குத் தந்தாலும் வேண்டாம். ஆனால் ஹிஸ்டமின் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது, அதனால் பெட்டிக்குள் ஐஸ் இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள். வியாபாரி முறைத்தால் முறைக்கட்டும்.

மாங்குளம் அக்கா:
தம்பி, மார்கழியில் உங்கள் கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத நாட்களில் நாங்கள் கருவாட்டுக்குத்தான் போகிறோம். அதைப் பற்றியும் சொல்லுங்கோ.

அலம்பில் தம்பி:
தண்ணீர் வற்றுவதால் கருவாட்டில் புரதம் செறிந்திருக்கும் அக்கா. உப்பும்தான். பிரஷர் உள்ளவர்களும் சிறுநீரக கிளினிக்குக்குப் போகிறவர்களும் டொக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். மற்றவர்கள் இரண்டு தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, கத்தரிக்காயோடு காய்ச்சுங்கள். கறிக்குத் தனியாக உப்பு போடத் தேவையில்லை.