'அணை உடைஞ்சிருச்சாம்': நாடகம் செய்தியாகக் காதில் விழும்போது

ஒலிக்கூடம் (கோவை):
மழைக்காலம் நெருங்கினால் சமுதாய வானொலிகளில் வெள்ள விழிப்புணர்வு நாடகம் எழுதத் தொடங்குவார்கள். செய்தி வாசிப்பு பாணியில் அமைத்தால் விறுவிறுப்பாக இருக்குமே என்ற ஆசை எல்லா எழுத்தாளருக்கும் வரும். அதில் கை வைக்குமுன் 1938 அக்டோபர் 30 இரவு நடந்ததை நிமிடக் கணக்கில் பார்த்துவிடுவது நல்லது.

அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியில் இரவு 8 முதல் 9 வரை நாடகம். செவ்வாய்க் கிரகவாசிகள் பூமியைத் தாக்கும் கதையான ஹெச்.ஜி.வெல்ஸின் 1898ஆம் ஆண்டு நாவலைத் தழுவியது, நடத்தியவர் 23 வயது ஆர்சன் வெல்ஸ். 'இது நாடகம்' என்று தொடக்கத்தில் சொன்னார்கள். அடுத்துச் சொன்னது சுமார் 40ஆவது நிமிட இடைவேளையில். இடைப்பட்ட நேரத்தில் நடன இசை, அதை நிறுத்தி அவசரச் செய்தி, மறுபடி இசை, நியூ ஜெர்சியின் குரோவர்ஸ் மில்லில் இருந்து நேரடி வர்ணனை, அதிபர் ரூஸ்வெல்ட்டின் குரலைப் போலவே பேசும் ஓர் 'உள்துறைச் செயலர்'. விளம்பரதாரர் இல்லாத நிகழ்ச்சி என்பதால் நடுவில் விளம்பரமும் வரவில்லை. அதே நேரம் போட்டி வானொலியான என்.பி.சி.யில் பெரிய நகைச்சுவை நிகழ்ச்சி. அதில் பாட்டு வந்ததும் முள்ளைத் திருப்பியவர்கள் சரியாக நடுவில் வந்து விழுந்தார்கள். தொடக்க அறிவிப்பு அவர்களுக்கு இல்லவே இல்லை.

ஒரு மாதம் முன்புதான் ஹிட்லரின் ஜெர்மனியால் ஐரோப்பாவில் போர் மூளுமோ என்று உலகம் அஞ்சிய மியூனிக் நெருக்கடி. போர்ச் செய்திக்காக நிகழ்ச்சிகளை நிறுத்தி நிறுத்தி அறிவிப்பு கொடுத்துப் பழக்கியிருந்ததும் வானொலிதான். பயந்தவர்களில் பலர் செவ்வாய்க் கிரகத்தை நினைக்கவே இல்லை, ஜெர்மானியர் வந்துவிட்டார்கள் என்றே எண்ணினார்கள்.

வாய்க்கால்கரை (கோபி):
செவ்வாய்க்காரன் வந்துட்டான்னு சொன்னா நம்ம பக்கம் ஒருத்தரும் எந்திரிச்சுக்கூடப் பார்க்க மாட்டாங்க. பில்லூர் அணை நெறஞ்சு தொறந்துட்டாங்கன்னு சொல்லிப் பாருங்க, மேட்டுப்பாளையத்துல ஆத்தோரத்துக்காரங்க மாட்டை அவுக்கப் போயிருவாங்க. அது அவங்க தப்பில்லீங்க. பில்லூர் 100 அடி. நீலகிரில மழை புடிச்சா 97 அடியிலயே மதகத் தொறக்கறது வழக்கம். தண்ணி அப்படியே பவானில எறங்கி மேட்டுப்பாளையம் தாண்டித்தான் பவானிசாகருக்கு வருது. நெசமாவே அடிக்கடி நடக்கறது, அதனாலதான் நம்பறாங்க.

இங்கதான் எழுதறவங்க கவனிக்கோணும். வருவாய்த்துறைக்காரங்க ஒலிபெருக்கில சொல்ற வாசகம் ஒண்ணு இருக்குது: 'கரையோர மக்கள் பாதுகாப்பான மேட்டுப் பகுதிக்குச் செல்லவும்'. அதை வார்த்தை மாறாம நாடகத்துல வெச்சா, கேக்கறவங்களுக்குப் பிரிச்சுப் பார்க்க ஒரு வழியும் இல்லீங்க. ராத்திரி வாய்க்கால் தண்ணி முறைக்குக் காட்டுல நிக்கறவர் கையில ரேடியோ மட்டுந்தான் இருக்கும். பக்கத்துல கேக்க ஆள் இருக்காது.

அதைவிடப் பெரிய கெடுதல் ஒண்ணு இருக்குது. ஒரு தடவ ஏமாந்தவங்க அடுத்த ஆடி மாசம் நெசமான ஒலிபெருக்கி வந்தாலும் 'அன்னிக்கும் இப்படித்தான்'னு உக்காந்துக்குவாங்க.

தறிச்சத்தம் (சோமனூர்):
தறிக் குடோன்ல ரேடியோ கேட்கிற விதமே வேற. சத்தத்துல முழு வாக்கியம் காதுக்கு எட்டாது. 'அணை... உடைப்பு... வெளியேற...' இவ்வளவுதான் வந்து சேரும். 'கற்பனை', 'நாடகம்' மாதிரி சொற்கள் முதல்ல அமுங்கிப் போகும், ஏன்னா அறிவிப்பாளர் அதைச் சாதாரணக் குரல்ல சொல்லுவார். கத்திச் சொல்லப்படுற சொல்தான் தறிச் சத்தத்தைத் தாண்டும். அதனால எச்சரிக்கைச் சொல் நடிகரோட அலறலைவிட மெதுவாப் பதிவாகக் கூடாது.

பாதித் தமிழ் தெரிஞ்ச வெளிமாநிலத் தொழிலாளிகளையும் கணக்குல வைக்கணும். 2023 மார்ச்சுல அவங்களைத் தமிழ்நாட்டுல அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோக்கள் பரவுச்சு. எங்கயோ எடுத்த வேற சம்பவங்களை இங்க நடந்த மாதிரி காட்டுனாங்க. காவல்துறை மறுத்துச்சு, பீகார்ல இருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் நேர்ல வந்து பார்த்துச்சு. தங்க மொழியில நம்பிக்கையான குரல் ஒண்ணு கிடைக்கிற வரைக்கும் பயம் தணியாதுங்கறது அப்பத் தெளிவாத் தெரிஞ்சது.

சான்று தேடி (ஈரோடு):
ஒன்றைத் திருத்த வேண்டும். 1938இல் நாடே தெருவுக்கு வந்தது என்பது மிகை. அன்றிரவு வானொலி நேயர்களைக் கணக்கெடுக்கும் ஹூப்பர் நிறுவனம் தொலைபேசியில் விசாரித்தவர்களில் 2 சதவீதத்தினரே இந்த நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. வானொலி அவர்களுக்குப் போட்டி. உளவியலாளர் ஹாட்லி கான்ட்ரில் 1940இல் வெளியிட்ட ஆய்வில் 60 லட்சம் பேர் கேட்டார்கள், 12 லட்சம் பேர் கலங்கினார்கள் என்று மதிப்பிட்டார். அந்த எண்ணை இன்று பலர் ஏற்பதில்லை.

ஆனால் அவர் பதிவு செய்த பேட்டிகள் இன்றும் பயன்படும். கலங்கியவர்கள் சரிபார்க்காமல் இருக்கவில்லை, சரிபார்த்த வழிதான் அவர்களைக் கவிழ்த்தது. சன்னலைத் திறந்து பார்த்தார் ஒருவர். தெரு நிறைய வண்டிகள், அப்படியானால் எல்லோரும் தப்பி ஓடுகிறார்கள். இன்னொருவரின் தெருவில் வண்டியே இல்லை, அப்படியானால் சாலைகள் அழிந்துவிட்டன. வாஷிங்டன் மாநிலத்தில் கான்கிரீட் என்ற சிற்றூரில் நாடகத்தின் நடுவே தற்செயலாக மின்சாரம் போயிற்று. அந்த ஊருக்கு அதுவே போதுமான சான்றாகிவிட்டது.

இதற்கு 12 ஆண்டுகள் முந்தையது பி.பி.சி.யில் பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ் செய்த நகைச்சுவை. 1926 ஜனவரி 16, சனிக்கிழமை. லண்டனில் கலவரம், பிக் பென் தகர்ந்தது என்று செய்தி பாணியில் வாசித்தார். மறுநாள் பனியால் கிராமங்களுக்குப் பத்திரிகை தாமதமானது. பத்திரிகை வராததே கலவரத்துக்கு அத்தாட்சி ஆயிற்று.

உண்மையில் உயிர் போனது ஈக்வடாரில். 1949 பிப்ரவரி 12, ரேடியோ கீட்டோவில் அதே செவ்வாய்க் கதை நாடகம். ஊரைச் சேர்ந்த இடப்பெயர்கள், அதிகாரிகளைப் போன்ற குரல்கள். மக்கள் தெருவுக்கு வந்தபின் 'இது நாடகம்' என்று அறிவித்தார்கள். பயம் அந்த நொடியே ஆத்திரமாக மாறியது. எல் கொமெர்சியோ பத்திரிகையும் வானொலியும் இருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். பலர் இறந்தார்கள்.

ஒலிக்கூடம் (கோவை):
கீட்டோவை எடுத்துச் சொன்னதற்கு நன்றி. மறுப்பு அறிவிப்பையும் முன்கூட்டியே எழுதி, பதிவு செய்து கையில் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு அதுவே காரணம். 20 விநாடி போதும். முதல் சொல் மன்னிப்பு, இரண்டாவது வாக்கியம் 'அணை பத்திரமாக இருக்கிறது'. கேட்டவர் ஏமாந்ததைக் கிண்டல் செய்யும் தொனி ஒரு துளியும் கூடாது. காலையில் தினமும் பேசும் அறிவிப்பாளரே பேசட்டும், நாடகத்தில் நடித்தவர் வேண்டாம்.

இனி கணக்கு. 30 நிமிட நாடகத்தில் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் அறிவித்தால், 4ஆவது நிமிடத்தில் வந்தவர் 26 நிமிடம் நிஜமென்று நம்பிக் கேட்பார். 5 நிமிடத்துக்கு ஒருமுறை அறிவித்தால் யாரும் 5 நிமிடத்துக்கு மேல் மாட்டமாட்டார். அறிவிப்பு, பதற்றமான காட்சிக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வைத்தால் அதற்குள் ஆள் போனை எடுத்துவிடுவார்.

செய்தியின் அடையாள இசை, நேரம் சொல்லும் மணி ஒலி, 'செய்திகள், வாசிப்பது' என்ற தொடர், சைரன் இவை நான்கையும் விலக்குங்கள். காரில் கேட்பவர் சைரனைச் சாலையில் வருவதாக நினைத்து ஒதுங்குவார். சமுதாய வானொலிக்குச் சொந்தச் செய்தி வாசிக்க அனுமதியே இல்லை என்பதால் அந்த வடிவமே விதிக்குச் சிக்கல். ஒலிபரப்புக்கு முந்தைய நாள் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கும் உள்ளூர் காவல் நிலையத்துக்கும் நேரம், கதைச் சுருக்கம், அணையின் கற்பனைப் பெயர் மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077இல் யாராவது கேட்டால் எடுப்பவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அழைப்பு குவிந்து இணைப்பு கிடைக்காமல் போனால் அதையும் ஆபத்தின் அடையாளமாகவே மக்கள் எடுத்துக்கொள்வார்கள், 108க்கு நிஜமாக அழைப்பவரும் தவிப்பார்.

சான்று தேடி (ஈரோடு):
சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பிரிவு 54: பீதி உண்டாகும்படி பொய் எச்சரிக்கை பரப்பினால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். நாடகத்தின் ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் பரப்புகிறவர்களும் அந்தப் பிரிவை அறிந்திருப்பது நல்லது.

தறிச்சத்தம் (சோமனூர்):
வெட்டிப் பரப்புறதுதான் இப்ப பெரிய ஓட்டை. 5 நிமிஷத்துக்கு ஒரு அறிவிப்பு வெச்சாலும் 40 விநாடி துண்டை வாட்ஸ்அப்ல போட்டா அறிவிப்பு கழண்டுரும். அதனால வசனத்துக்குள்ளயே அடையாளம் இருக்கணும். பவானிசாகர், ஆழியாறு, அமராவதின்னு நிஜப் பேர் வேண்டாம். 'கருங்கல்மேடு அணை'ன்னு இல்லாத பேர் ஒண்ணு வெச்சு, ஒவ்வொரு பாத்திரமும் 'அணை'ன்னு மொட்டையாச் சொல்லாம முழுப் பேரையும் சொல்லணும்.

வாய்க்கால்கரை (கோபி):
அதோட அடியில மெல்லிசா ஒரு உடுக்கைச் சத்தம் தொடர்ந்து ஓடட்டுமுங்க. எங்க வெட்டுனாலும் கூடவே வரும். செய்தில எவரும் உடுக்கை அடிக்க மாட்டாங்க, உடுக்கை அடிச்சுப் பாடற அண்ணன்மார் கதை கேட்டு வளர்ந்த காதுக்கு அது கதைன்னு உடனே புரியும்.