விபிஎன் இணைந்தும் நூலக மின்னிதழ் திறக்கவில்லை, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் பல்கலைக்கழக நூலகம் சந்தா கட்டியிருக்கும் ஓர் ஆய்விதழை, விபிஎன் (வெளியிலிருந்து பல்கலைக்கழக வலையமைப்போடு இணைக்கும் வசதி) இருந்தும் வீட்டிலிருந்து படிக்க முடியவில்லை. கட்டுரைச் சுருக்கம் தெரிகிறது. பிடிஎஃப்பை அழுத்தினால் பணம் கேட்கிறது. வளாக வைஃபையில் அதே லேப்டாப்பில் அதே கட்டுரை மறுபேச்சில்லாமல் திறக்கிறது, ஆக சந்தாவில் கோளாறு இல்லை.

மூன்று வாரமாக இந்தத் தொல்லை. அதற்கு முன்பு விண்டோஸ் 10-இல் ஒழுங்காக வேலை செய்தது. விண்டோஸ் 11-க்கு மாறி, விபிஎன் செயலியைப் புதிதாக நிறுவிய பிறகுதான் இப்படி.

குக்கீகளை அழித்தேன், வேறு பிரவுசரில் பார்த்தேன், இன்காக்னிட்டோவிலும் பார்த்தேன். நூலகப் பட்டியலில் உள்ள இணைப்பு வழியாகவே நுழைந்தாலும் அதே கதைதான். நூலகத்தில் கேட்டதற்கு, தங்கள் பக்கம் எல்லாம் சரி என்றார்கள். கேட்ட ஒரு கட்டுரையை அன்றே மின்னஞ்சலில் அனுப்பியும் வைத்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் இன்னும் நாற்பது கட்டுரை பாக்கி!

நேற்று ஒன்றைக் கவனித்தேன். விபிஎன் இணைந்திருக்கும்போது பல்கலைக்கழகத்தின் உள்தளங்கள் திறக்கின்றன. ஆனால் ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) காட்டும் தளத்தில் பார்த்தால் வீட்டு இணைப்பின் முகவரிதான் வருகிறது. பதிப்பாளர் தளம் ஐபியை வைத்துத்தானே அனுமதிக்கிறது? வளாகத் தளங்களுக்கான இணையப் போக்குவரத்து மட்டும் விபிஎன் வழியாகவும் மற்றதெல்லாம் நேரடியாகவும் போகிறது என்று சந்தேகப்படுகிறேன்.

எல்லாப் போக்குவரத்தையும் விபிஎன் வழியாக அனுப்பும்படி என் லேப்டாப்பிலேயே மாற்ற முடியுமா, அல்லது அது பல்கலைக்கழக சர்வரில் மட்டும்தான் மாற்றக்கூடியதா?