ஏஐ போட்டுத் தந்ததை ஒருத்தர் பார்த்த பார்வை: உங்களுக்கும் நடந்ததா?

பனியன் பொம்மை (திருப்பூர்)

மூன்று மாதமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது, இங்கே கொட்டிவிடுகிறேன். குழந்தைகள் உடுப்பு, ஆல்ஓவர் பிரிண்ட் (துணி முழுக்க டிசைன்), ரோட்டரி (உருளை வைத்து அச்சடிப்பது). தொழிலில் இருப்பவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. 'விலங்கு, வாட்டர்கலர்' என்று பையர் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தார். ஏஐயிடம் ஒரு ராத்திரியில் நாற்பது யானை வாங்கிவிட்டேன். அதில் ஒன்றை எடுத்து, கணக்கில்லாமல் சிதறிக் கிடந்த நிறங்களை ஆறு கலருக்குள் அடக்கி, 64 செ.மீ. ரிப்பீட்டில் (அந்த நீளத்துக்கு ஒரு தடவை டிசைன் அப்படியே திரும்ப வரும்) ஒட்டுத் தெரியாமல் இணைத்தேன். அதுவரைக்கும் என் வேலை சுத்தம், அதில் சந்தேகமே இல்லை.

சாம்பிள் துணி கட்டிங் டேபிளுக்குப் போனது. மாஸ்டருக்கு அறுபது வயது இருக்கும். துணியைப் பார்த்தார், அப்படியே தலைமாற்றித் திருப்பிப் போட்டார், மறுபடி பார்த்தார்.

"ஏனுங் தம்பி, ஆனையெல்லாம் ஒரே பக்கமாவே நிக்குதுங்களே?"

எனக்குப் புரியவில்லை. யானை நிற்காமல் என்ன செய்யும்? உடம்புப் பகுதியை வெட்ட அளவுக்கு வைக்கும் பாடி பேட்டர்ன் அட்டையில் ஒன்றை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் துணிமேல் வைத்துக் காட்டினார். அப்படி மாற்றி மாற்றி வைத்தால்தான் இடுக்கு வீணாகாது. யானை நேராகத்தான் நிற்க வேண்டுமென்றால் எல்லா பீஸையும் ஒரே திசையில் வெட்டியாக வேண்டும். கிலோக் கணக்கில் துணி வேஸ்ட்டுக்குப் போகும். சரி, பாதி யானையைக் கவிழ்த்துவிடுகிறேன் என்றேன். முகத்தைச் சுளித்தார்.

"கொழந்த போடற துணீங். ஆனையக் கவுத்துப் போட்டா பாக்க நல்லாவா இருக்கும்?" கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "மீனு போடுங். மீனு எந்தப் பக்கம் நீந்துனாலும் மீனுதானுங்."

மீன் போட்டேன். பையருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, நல்ல யோசனை என்று மெயில் வந்தது. 'நன்றி' என்று பதில் அனுப்பினேன். அந்த ஒரு வார்த்தைதான் உறுத்துகிறது.

தறிக்குழி (சிறுமுகை)

உறுத்தத்தான் வேண்டும். மாஸ்டர்தான் சொன்னார் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் பையர் ஆர்டரையா பிடுங்கியிருப்பார்?

என் கதை அப்பாவோடு. பட்டுத்தறி, ஜக்கார்டு (துளையட்டை வைத்து டிசைன் நெய்கிற கருவி) பூட்டியது. முந்திக்கு ஒரு மயில் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். ஏஐ மயில் அருமையாக இருந்தது, நீளக் கழுத்து. சாப்ட்வேரில் போட்டு கிராப் (எந்த நூல் எங்கே வரும் என்று காட்டும் கட்டப் படம்) ஆக்கினேன். கழுத்து முழுக்க ஒரே நிறம், அதனால் நூல் பிடிப்பே இல்லாமல் நீளமாக மிதக்கும். வளையலோ மெட்டியோ பட்டால் இழுத்துக்கொண்டு வந்துவிடும். இது சாப்ட்வேருக்கும் தெரியும், பட்டனை அழுத்தினால் இடையிடையே நூலை அமுக்கிப் பிடிக்கும் புள்ளிகளை அதுவே வைத்துவிடும். வைத்தது. பிழை ஒன்றுமில்லை. ஆனால் கழுத்து சல்லடை மாதிரி ஆகிவிட்டது.

அப்பா கிராப்பை பிரிண்ட் எடுத்துக் கேட்டார். கரண்ட் போயிருந்த நேரம், திண்ணையில் உட்கார்ந்து பென்சிலால் புள்ளிகளை அழித்தார், தள்ளி வைத்தார். தாடைக்குக் கீழே நெருக்கமாக, நெஞ்சுக்கு வர வர இடைவெளி விட்டு, ஒவ்வொன்றும் லேசாகச் சாய்ந்து. கட்டுக்காக வைத்த புள்ளியெல்லாம் இறகாக மாறிவிட்டது. எண்ணிப் பார்த்தேன், சாப்ட்வேர் வைத்ததைவிட ஏழு புள்ளி குறைவு. நூலும் எங்கேயும் மிதக்கவில்லை.

ஜக்கார்டு 1804-இல் பிரான்சில் வந்த சாமான். அந்தத் துளையட்டையைப் பார்த்துத்தான் பாபேஜ் என்கிற ஆங்கிலேயக் கணித அறிஞர் தன் கணக்கு இயந்திரத்துக்கும் அட்டை வைக்க நினைத்தார் என்று கல்லூரியில் படித்து மார்க் வாங்கினேன். பென்சில் பிடிக்க மட்டும் இதுவரை வரவில்லை. அப்பாவுக்கு இப்போது கண் மங்கிக்கொண்டு வருகிறது.

பிளக்ஸ் கடை (கோபி)

எனக்கு நடந்தது ராத்திரி ஒரு மணிக்கு. கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ், விடிவதற்குள் கட்ட வேண்டும். கொடுத்த போட்டோ ரேஷன் கார்டு சைஸ், மங்கல். ஏஐயில் போட்டுத் தெளிவாக்கினேன். தோல் பளபளவென்று, கண்ணில் ஒளி. எனக்கே பெருமையாக இருந்தது. எழுத்தை நானேதான் அடித்தேன். அதையும் ஏஐயிடம் விட்டால் 'கண்ணீர்' என்பதில் சுழி ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம் போய்விடும், அது தனிக்கதை.

பேரன் வந்து பார்த்தான். "அண்ணா, இது எங்க அப்பத்தா இல்லீங்ணா" என்றான். கோபமெல்லாம் இல்லை, அப்படியே நின்றான். போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் வளர்த்த காது, தோள் வரைக்கும் தொங்கும். அதைப் பழுது என்று நினைத்து ஏஐ சரிசெய்துவிட்டது! அளவான காது, சின்னக் கம்மல்.

பழைய மங்கல் போட்டோவையே பெரிதாக்கி அடித்துக் கொடுத்தேன். பத்தடி பிளக்ஸை எவரும் மூக்கை ஒட்டி நின்று பார்ப்பதில்லை, ரோட்டிலிருந்து பார்த்தால் அந்த மங்கல் தெரியவே தெரியாது. பதினைந்து வருடமாக இதே தொழில். அந்த ராத்திரி தெளிவாக்கும் பட்டனை ஏன் தொட்டேன் என்றுதான் விளங்கவில்லை.

லேத் ராசு (கணபதி)

எல்லாரும் படம் போடுகிறவர்களாகவே இருக்கிறீர்கள். ரசனை என்றால் மயிலும் மீனும்தானா? கம்ப்யூட்டர் புரோகிராமில் மெஷின் ஓடி இரும்பு வெட்டுகிற எங்கள் சிஎன்சி பட்டறையிலும் ரசனை இருக்கிறது, மைக்ரோமீட்டரோடு இருக்கிறது.

பையன் ஒருவன் ஏஐயிடம் புரோகிராம் எழுதி வாங்கி வந்தான். படித்தேன், கடைசியில் ஜி28 இசட்0 (டூலை அதன் வீட்டுக்கு, அதாவது ஆரம்ப இடத்துக்கு, அனுப்பும் கட்டளை; இசட் என்பது டூல் ஏறி இறங்கும் திசை) என்று இருந்தது, அதற்கு முன்னால் ஜி91 (நிற்கிற இடத்திலிருந்தே அளவு எடு என்பது) இல்லை. டூல் வீட்டுக்குப் போகிற வழியில் வேலைப்பொருளின் பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிட்டுத்தான் போகும், அதுவும் முழு வேகத்தில். நிறுத்தினேன். கதை அவ்வளவுதான்.

இப்போது சொல்வதைக் கேளுங்கள். ஒன்று, ஏஐ எழுதிய எதையும் முதலில் காற்றில் ஓட்டுங்கள், இசட்டை ஐம்பது மில்லிமீட்டர் தூக்கி வைத்து, சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக), கையை ஃபீட் ஹோல்டில் (ஓட்டத்தை நிறுத்தும் பட்டனில்) வைத்துக்கொண்டு. பிளக்ஸ் தம்பிக்கும் இதுதான் பொருந்தும், முழுசாக அடிப்பதற்கு முன் ஏ4-இல் ஒன்று எடுத்து வீட்டாரிடம் காட்டியிருக்க வேண்டும். இரண்டு, சிறுமுகைத் தம்பி இப்படி எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாகத் தினமும் ஒரு மணி நேரம் அப்பா பக்கத்தில் உட்காரட்டும். கேள்வி கேட்காதீர்கள், கையைப் பாருங்கள். நான் என் மாஸ்டரிடம் ஆறு மாதம் பிசிறு மட்டுமே எடுத்தேன். ஆறாவது மாதம் சத்தத்தை வைத்தே இன்செர்ட் (டூலின் வெட்டும் முனை) தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். வெட்டும்போது இரும்புச் சுருள் எந்த நிறத்தில் வருகிறது, எப்படி உடைகிறது, வெட்டிய முகத்தில் நகத்தை ஓட்டினால் எப்படி வழுக்குகிறது, இதெல்லாம் ரசனை இல்லாமல் வேறென்ன? மூன்று, ஜி.டி.நாயுடு எந்தக் கல்லூரியில் படித்தார்? 1930-களிலேயே எலெக்ட்ரிக் ரேசர் செய்தார். ஒரு மோட்டார் சைக்கிளை அக்கக்காகக் கழற்றி மாட்டிப் பழகிய கை அது. (நாயுடுவை இழுக்காமல் கோயமுத்தூர்க்காரன் அறிவுரை சொல்ல முடியாது, மன்னிக்கவும்.) நான்கு, இங்கிலீஷில் பிராம்ப்ட் எழுதுவதை நிறுத்துங்கள். தமிழில் யோசித்து, வேண்டியதைத் தாளில் வரைந்துவிட்டு அப்புறம் கேளுங்கள். ஐந்தாவது

சரி, ஷிப்ட் மாறுகிறது, மீதி நாளைக்கு.

ஊராட்சிக்கோட்டை அம்மணி (பவானி)

ராசு அண்ணா, யாரும் அறிவுரை கேட்கவில்லைங்க. பிளக்ஸ் அண்ணா சொன்னது ஒரு மணி ராத்திரி, துக்க வீடு. ஏ4 எடுத்துக்கொண்டு யாரிடம் போய்க் காட்டுவார்? அதுவும் இல்லாமல் பேரன் பார்த்துச் சொன்ன பிறகுதானே மாற்றி அடித்திருக்கிறார்.

என்னுடையது சின்னது. நான் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கோடு எழுதுகிறவள். சொந்தத்தில் ஒரு மாமா ஜமக்காளம் விற்கிறார், அவருக்கு வெப்சைட் செய்தேன். நல்ல போட்டோ இல்லை என்று ஏஐயில் எடுத்து முகப்பில் வைத்தேன். மாமா போனை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

"கண்ணு, இதுல பூ எங்கிருந்து வந்துச்சு?"

நடுவில் பெரிய பூ வட்டம், சுற்றிக் கொடி. பவானி ஜமக்காளம் என்றால் குறுக்கே பட்டை பட்டையாகக் கலர், அதற்குத்தான் புவிசார் குறியீடே. நான் அதன் மேலேயே படுத்து வளர்ந்தவள். எங்கள் வீட்டுக் கல்யாணம் காதுகுத்து எல்லாவற்றிலும் பந்தியில் விரித்தது அதுதான். ஆனாலும் அந்தப் பூ என் கண்ணில் படவே இல்லை. பக்கம் எத்தனை விநாடியில் திறக்கிறது என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது முகப்பில் இருப்பது மாமா போனில் எடுத்த படம். ஒரு ஓரத்தில் அவர் கால் கட்டைவிரல் தெரிகிறது. வெட்டவில்லை.

பனியன் பொம்மை (திருப்பூர்)

சிறுமுகைக்காரர் திட்டியது சரிதான். மீன் டிசைனுக்கு மறுபடி ஆர்டர் வந்திருக்கிறது. நேற்று மெயிலில் மாஸ்டர் விஷயத்தைச் சேர்த்து எழுதிவிட்டு, டீ டைமில் நேராக அவரிடம் போனேன். "அன்னைக்கு நீங்க சொன்ன மீனுதாங்க ஓடுது" என்றேன்.

"எந்த மீனுங்?"

அவருக்கு ஞாபகமே இல்லை. துணியை விரித்துக் காட்டினேன். டீ டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, கையால் ஒரு தரம் நீவிப் பார்த்தார்.

"நல்லாருக்குதுங். ஒரு மீனுக்கு மட்டும் கண்ணு பெருசா இருக்குதுங்."

இருந்தது. ரிப்பீட்டுக்கு ஒன்று வீதம், மூன்று டன் துணியிலும்.