திலாப்பியா தீவனத்தில் பூண்டு, மஞ்சள் கலந்தால் பலன் உண்டா?

கரைவழி:
பண்ணைக்குட்டையில் கிஃப்ட் திலாப்பியா (வேகமாக வளரும்படி மேம்படுத்திய மீன் ரகம்) விட்டிருக்கிறேன், மிதவைத் தீவனம்தான் போடுகிறேன். குஞ்சு கொடுத்தவர் பூண்டும் மஞ்சளும் கலந்து போட்டால் நோய் அண்டாது, எடையும் ஏறும் என்கிறார். கடையில் இதையே மூலிகை டானிக் என்று பாட்டிலில் அடைத்து யானை விலை சொல்கிறார்கள். நிஜமாகவே பலன் உண்டா? தண்ணீரில் கரைந்து போய்விடாதா?

வயலோரம்:
பாட்டில் வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம். ஒரு கிலோ தீவனத்துக்கு 10 முதல் 20 கிராம் பச்சைப் பூண்டு போதும். நசுக்கிப் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள், நசுக்கிய பிறகுதான் அதில் கிருமியை எதிர்க்கும் அல்லிசின் உருவாகும், கொதிக்க வைத்தால் அந்த வேலையே நடக்காது. ஆறிய கஞ்சியில் கலந்து தீவனத்தின் மேல் தெளித்துப் பிசறி நிழலில் உலர்த்துங்கள், கடைசியில் கொஞ்சம் எண்ணெய் தடவினால் சீக்கிரம் கரையாது. அன்றன்றைக்குக் கலந்து அன்றே போட்டுவிடுங்கள். வாடைக்கு மீன் நன்றாகவே வந்து எடுக்கும்.

நீர்நிலை:
மஞ்சள் தூளில் வேலை செய்யும் பொருளான குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதுவும் தண்ணீரில் கரையாது, அதனால் அந்த எண்ணெயிலேயே குழைத்துவிடுங்கள். ஆனால் இதெல்லாம் எதிர்ப்புச் சக்திக்கு முன்கூட்டியே கொடுப்பது. வெயில் காலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா நோய் வந்து கண் பிதுங்கி, மீன் வட்டமடித்து நீந்த ஆரம்பித்துவிட்டால் பூண்டை நம்பி உட்காராதீர்கள், அந்த மீன் தீவனத்தையே தொடாது. அப்புறம், செடி என்பதால் கெடுதல் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். குஞ்சு விடுவதற்கு முன் களை மீனைக் கொல்ல நாம் போடும் இலுப்பைப் புண்ணாக்கும் செடிச் சரக்குதானே! அதில் கொல்வது சப்போனின் என்ற நுரைக்கும் பொருள். முருங்கை இலையிலும் அது கொஞ்சம் உண்டு, அள்ளிப் போட்டால் வளர்ச்சி குறையும்.

கெண்டைமடை:
எடை ஏறும் என்பதை மட்டும் நான் அப்படியே நம்ப மாட்டேன். குட்டைக்குள்ளேயே இரண்டு ஹாப்பா வலை (பெட்டி போன்ற வலைக்கூண்டு) கட்டி, ஒரே அளவுக் குஞ்சு, ஒரே தீவனம், ஒன்றில் மட்டும் பூண்டு என்று போட்டு எடை பாருங்கள். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் குறைவு, பூண்டுக்குச் செலவழிக்கும் காசை முதலில் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டருக்குப் போடுங்கள்.

கரைவழி:
ஏரேட்டர் ஓடுகிறது. ஹாப்பா கட்டிப் பார்க்கிறேன். கறியில் பூண்டு வாடை அடிக்குமா?

வயலோரம்:
பிடிப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்திவிடுவேன். வாங்குகிறவர்கள் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.